சிவப்பு தள்ளி விழுந்த பலகை

ஜனவரி 12

படத்துக்கு அச்சுப்பலகை செதுக்கும் குவபாரா வெட்டிய குறியில் தவறில்லை. அச்சடிக்கும் நான்தான் தாளை அளவுக்கு மீறி நனைத்தேன். விரிந்த தாளில் சிவப்பு மை படத்தின் கோட்டைத் தாண்டியது. தாளைப் பொருத்துவதற்காகப் பலகையின் மூலையில் அவர் வெட்டியிருந்த குறியை, யாரும் பார்க்காதபோது விரிந்த தாளுக்கு ஏற்றபடி மயிரிழை அளவு செதுக்கிவிட்டேன். பிறகு பதிப்பாளர் ஷியோதா அம்மாளிடம், "செதுக்குறவருக்குக் கண்ணு போச்சும்மா. நான்தான் சரி பண்ணேன்" என்றேன். குவபாராவின் வேலை போனது. படத்தின் ஓரத்திலிருந்து பெயரும் போனது. அது போன ஜூன் மழையில்.

இன்று எனக்குக் காய்ச்சல்; பட்டறை ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அதே பலகைகளில் என் உதவியாள் இசாக்கி அச்சடித்தான். தாளையும் அவனே நனைத்தான், சரியான அளவில்.

"படத்துப் பொண்ணுக்கு மீசை முளைச்சிருக்கு அண்ணே!"

உதட்டுச் சிவப்பு மேலே தள்ளி விழுந்திருந்தது. குறியைத் தடவிப் பார்த்தான். "இதுல ரெண்டாவது தடவை உளி பட்டிருக்கே?"

"உன் வேலையைப் பாருடா" என்றேன்.

ஜனவரி 13

எனக்குக் குரு கிடையாது. அடுத்தவன் கையைப் பார்த்தே கற்றேன். கேட்டால் இளக்காரம் செய்வார்கள் என்றுதான், எவ்வளவு தண்ணீர் என்று நாற்பது வருடமாக யாரிடமும் கேட்கவில்லை. செய்தும் இருப்பார்கள். சரி — அதற்குக் குவபாரா என்ன செய்தார்?

ஜனவரி 15

குவபாரா வீட்டுக்குப் போக நினைத்தேன், போகவில்லை. பனி என்று சாக்கு.

ஜனவரி 18

பலகையோடு போனேன். அக்கம்பக்கத்தாரின் சமையல் கத்திகளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"வாய்யா தொகாஷி. உன் நாக்கையும் தீட்டணுமா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி நின்றது.

"என் கண்ணுதான் போச்சுன்னு நானே நம்பிட்டேன்யா. ஏழு மாசமா உளியைத் தொடல."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் பலகையை வெளிச்சத்தில் பிடித்து, நான் செதுக்கிய இடத்தை உடனே கண்டுபிடித்தார். ஏழு மாசம். நான் என்ன மனுஷன்?

ஜனவரி 20

ஷியோதா அம்மாளிடமும் சொன்னேன். "இத்தனை நாள் எப்படித் தூங்குனீங்க?" என்றார். நன்றாகத்தான் தூங்கினேன். அதுதான் வெட்கம்.

முடிவானவை:

குறியில் செர்ரி மரச் சில்லு ஒட்டி மறுபடி வெட்டுவது — குவபாரா. வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

படத்தின் ஓரத்தில் குவபாரா பெயரைத் திரும்பப் போடுவது — ஷியோதா அம்மாள்.

படம் வாங்கிய கடைகளுக்கு உண்மையை எழுதுவது — நான், என் கையால்.

சிவப்பு அச்சடிப்பது — இசாக்கி. நானில்லை, அது குவபாராவின் நிபந்தனை.

தாள் நனைப்பது — நான். எவ்வளவு தண்ணீர் என்று இசாக்கியிடம் கேட்டுக்கொண்டு.