கிழட்டுக் கிடாவும் பப்பாளிக்காயும்

1961 ஜனவரி 8, ஞாயிறு

இவர் வேலை பார்க்கும் அச்சாபீசில் அட்டை கோணலாக ஒட்டிப்போன டைரி ஒன்றைக் கொண்டுவந்து, "இந்தா, உன் சமையல் ஆராய்ச்சிய எழுது" என்று கொடுத்தார். கேலிதான். இருக்கட்டும், எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குலசாமிக்கு நடக்கும் பங்குனிக் கும்பிடுக்குக் கறியில் மசாலா பிசறும் முறை இந்தத் தடவை எனக்கு. மல்லாங்கிணறு கோயிலில் எங்கள் வீட்டு மருமக்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றிச் செய்வது. காலையில் கிடா வெட்டினால் பொழுது சாய்வதற்குள் அங்கேயே சமைத்து அங்கேயே தின்று முடிக்க வேண்டும். ஒரு எலும்பு எல்லை தாண்டக் கூடாது. மழையில்லாமல் கும்பிடு தள்ளிப்போய், நேர்ந்துவிட்ட கிடாவுக்கு இப்போது ஐந்து வயசு. அந்தக் கறியை இரண்டு மணி நேரம் ஊறவைத்துப் பூவாக்க வேண்டும். மூத்தவர் ராக்காயி அக்கா அவர் முறை வந்தபோது பிசறிய கறியை ஊர் இன்னும் பேசுகிறது. என் கறியையும் பேச வேண்டும். ஆசைதான், மறைப்பானேன்?

ஜனவரி 22, ஞாயிறு

கறிக்கடைச் சின்னச்சாமியிடம் கிழட்டுக் கிடாக் கறி கேட்டேன். "எல்லாரும் எளங்கறி கேப்பாக, நீங்க ஒருத்தர்தான் கெழடு கேக்கீக" என்று சிரித்தார். புளித்த தயிரில் ஊறவைத்தேன். இரவு முழுக்க ஊறினால் சரியாக வரும். இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கொட்டைப்பாக்கைத் தட்டிப் போட்டு வேகவைத்தும் பார்த்தேன். பரவாயில்லை, அவ்வளவுதான். இவர் மென்றுகொண்டே ஏதோ சொல்ல வந்தார். நான் பார்த்த பார்வையில் இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

ஜனவரி 29, ஞாயிறு

கொல்லைப் பப்பாளியில் ஒரு காயைப் பறித்துத் தோலோடு அரைத்தேன். வற்றல், மல்லி, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், உப்பு எல்லாம் சேர்த்துப் பிசறி, காலையில் வைத்து மத்தியானம் எடுத்தால் கறி களியாகிக் கிடக்கிறது! கரண்டியில் நிற்கவில்லை. இவர் வழித்துத் தின்றார், பாவம்.

ஆனால் வழி தெரிந்துவிட்டது. அளவுதான் தெரிய வேண்டும்.

பிப்ரவரி 5, ஞாயிறு

வந்துவிட்டது! ஒரு வீசைக் கறிக்கு ஓர் உள்ளங்கை விழுது, ஒன்றே முக்கால் மணி நேரம். தொட்டால் எலும்பிலிருந்து கழன்று வருகிறது. மசாலா உள்ளே வரைக்கும் இறங்கியிருக்கிறது. பப்பாளி என்று யாரிடமும் சொல்லமாட்டேன்.

இவர் தன் தம்பி சங்கையாவைப் பார்க்க மல்லாங்கிணறு போனார். ஒரு தூக்குவாளி நிறையக் கொடுத்துவிட்டேன். தம்பி பெண்டாட்டி மாரித்தாய்க்குக் கறி என்றால் உயிர்.

பிப்ரவரி 6, திங்கள்

தூறல். காயப்போட்ட வடகம் நனைந்தது.

பிப்ரவரி 8, புதன்

சங்கையா கொழுந்தன் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வீட்டுக்கு வந்தார். வாயெல்லாம் பல். "மதினி, மாரிக்கு மூணு மாசம் முடிஞ்சிருச்சு. திருஷ்டி பட்டுரும்னுதான் இம்புட்டு நாளும் சொல்லல."

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து. நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. அவர் போன பிறகுதான் தூக்குவாளி ஞாபகம் வந்தது. பிள்ளைத்தாச்சிக்குப் பப்பாளிக்காய்! மெய்யோ பொய்யோ, கரு கலைந்துபோகும் என்று நம் பக்கத்தில் அவர்கள் வீட்டு வாசலில்கூட வைக்கமாட்டார்களே. நானா கொடுத்தேன்? பேர் எடுக்கிற ஆசையில் நானா?

இவரிடம் சொல்லவில்லை. பஸ் காசை எடுத்து முந்தியில் முடிந்துவைத்தேன்.

பிப்ரவரி 9, வியாழன்

முதல் பஸ்ஸில் போனேன். மாரித்தாய் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள், ஆள் நன்றாகத்தான் இருந்தாள். சுற்றி வளைத்து, கறி எப்படி இருந்தது என்றேன்.

"கோவிச்சுக்கிறாதீக அக்கா. மூடியத் தொறந்ததும் ஓங்கரிச்சிருச்சு. கறி வாடையே இப்ப ஆகல. அம்புட்டையும் ஒங்க கொழுந்தனாரே தின்னுட்டாக."

அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. "எதுக்கு அளுகீக?" என்றாள். புழுதி விழுந்துவிட்டது என்றேன்.

மார்ச் 26, ஞாயிறு

மாரித்தாய்க்கு ஓங்கரிப்பு நின்று இப்போது நல்ல பசியாம். கோயில் கறியை அவளும் தின்றாக வேண்டும். சாமி கறியை வேண்டாம் என்று சொல்ல முடியாது.

பப்பாளி இல்லை. முடிவு செய்துவிட்டேன். ஒரு சொட்டுப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று மனசு இரண்டு நாளாகக் கேட்கிறது. எனக்குத் தெரியுமே!

மார்ச் 31, வெள்ளி

கும்பிடு முடிந்தது. தயிர், உப்பு, சின்ன வெங்காயம், கொட்டைப்பாக்கு, அரிவாள் முதுகால் கறியைத் தட்டுவது, எல்லாம் செய்தேன். கிடா மசியவில்லை. பந்தியில் பேச்சே இல்லை, எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள்.

ராக்காயி அக்கா எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்ன பத்திரகாளி, அச்சாபீசு கோந்தக் கலந்துட்டியா? தாடை களண்டு போச்சு."

சிரிப்பு. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் தூக்குவாளிக் கதையும் வெளியே வரும், மாரித்தாய் மிச்ச மாதமெல்லாம் பயந்து சாவாள். வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடியதைப் பார்த்து இவருக்கே ஆச்சரியம்.

மாரித்தாய் மட்டும் மூன்று தடவை வாங்கித் தின்றாள். ஒரு துண்டை அரை நாழிகை மென்றாள்.

ஏப்ரல் 1, சனி

ரோஷம் இன்னும் அடங்கவில்லை. துணி துவைத்தேன். எல்லாத் துணியும்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பெண் குழந்தை! இரண்டு பேரும் சுகம்.

செப்டம்பர் 3, ஞாயிறு

மாரித்தாய்க்கு அம்மா இல்லை. அதனால் பிரசவம் மல்லாங்கிணற்றிலேயே, ராக்காயி அக்கா பொறுப்பில். பால் போதவில்லை, பப்பாளிக்காய் சமைத்துக் கொடுங்கள் என்று மருத்துவச்சி சொன்னாராம். பெற்ற பிறகு அதுவே மருந்து! இரண்டு காயோடும் கறியோடும் பஸ் ஏறினேன்.

அங்கேயே அரைத்துப் பிசறி, ஊறவைத்து, வேகவைத்தேன். மாரித்தாய் ஒரு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தாள். "அக்கா, வெண்ணெயா இருக்கு. இத ஏன் கோயில்ல செய்யல?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? தூக்குவாளி முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

அடுப்படியில் இருந்து ராக்காயி அக்காவும் எல்லாம் கேட்டார். தட்டில் கறி போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தின்று முடித்துக் கை கழுவிய பிறகுதான் சொன்னார்: "அடுத்த கும்பிடு என் மொற. எனக்கு வேண்டாம், நீயே பெசறு."

மூன்று வருஷம் இருக்கிறது. அந்தப் பங்குனியில் மட்டும் மாரித்தாய் இன்னொன்று உண்டாகாமல் இருக்க வேண்டும்.