எதன் எலும்பு?

வியாழக்கிழமை, இரவு.

"சாக்பீஸ் எலும்புல செய்யறதா சார்? வாயில வெச்சா பாவமா?" என்று முன்பு ஒருமுறை, நான் பாடம் எடுத்த ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துவிட்டு மறுநாள், "இல்லம்மா, ஜிப்சம்னு ஒரு கல்லு" என்றேன். அவ்வளவுதான் வேலை.

இன்று அதே கேள்வியை நான் பல் டாக்டரிடம் கேட்டேன். மேல் கடைவாய்ப் பல் விழுந்த இடத்தில் எலும்பு தேய்ந்துவிட்டதாம். அதற்கு மேலே இருக்கும் சைனஸ் சவ்வைத் தூக்கி, அடியில் எலும்புப் பொடி வைத்தால்தான் இம்ப்ளான்ட் நிற்குமாம். சரி, எதன் எலும்பு?

"நேச்சுரல் மெட்டீரியல், மேஷ்ட்ரே. டென்ஷன் பேடா" என்றார் டாக்டர். கன்னடத்தில் வாத்தியாருக்குக் கவலை வேண்டாமாம்.

"மரமும் நேச்சுரல்தான். எதோட எலும்பு?"

"ப்யூரிஃபைடு சார். இம்போர்ட்டட்."

சுவர் நிறையப் பட்டம், வாயில் வெறும் 'இம்போர்ட்டட்'. நான் வாய் கொப்பளிக்கப் போன நேரத்தில் என் மகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ஆட்டோவில்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"மாட்டெலும்புப்பா. நீங்க முட்டைகூடத் தொடமாட்டீங்கன்னு நான்தான் சொல்லித் தொலைச்சேன். அதான் உங்ககிட்ட மூச்சு விடாதீங்கன்னார். செயற்கைப் பொடியும் இருக்காம். அவருக்கு இதுதான் பழக்கமாம்."

பழக்கமாம்! முட்டை தொடாதவன் என்று தெரிந்ததும் வேறு பொடியைத் தேடாமல் வேறு வார்த்தையைத் தேடியிருக்கிறார். நேரே சொல்லியிருந்தால் ஒருவேளை சரி என்றிருப்பேன். என் வாய்க்குள் வைப்பதை என்னிடமே மறைக்க இவர் யார்?

திங்கட்கிழமை ஆபரேஷன். எனக்கே ஒரு குறிப்பு: நாளைக் காலையில் டாக்டருக்குப் போன் செய்து, எதன் எலும்பு என்று இன்னொரு முறை கேள். 'நேச்சுரல்' என்று ஆரம்பித்தால் போனை வைத்துவிடு.