செல்போன் நின்றுபோன வியாழக்கிழமை

சேர்வராயன் துணை

சேலம் பெரிய ஆஸ்பத்திரி,
திங்கட்கிழமை, மத்தியானம்.

அன்பு மகன் வெங்கடேசுக்கு அப்பா செங்கோடன் எழுதுவது. அந்தப் பனிமலையில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் நீ நல்லபடியாக இருக்க வேண்டும் சாமி. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் என் கைக்குப் பழக்கம், இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை. உன் யூனிட் ஆபீசுக்குப் பேசினோம், வயர்லெஸ்ஸில் உனக்குச் செய்தி சொல்லியாகிவிட்டது, வானம் தெளிந்ததும் ஹெலிகாப்டரில் இறக்கி லீவில் அனுப்புகிறோம் என்றார்கள். அவர்கள் உன்னிடம் எதைச் சொன்னார்களோ, எதை விட்டார்களோ தெரியவில்லை. அதனால் முதலில் இதை எழுதிவிடுகிறேன். உன் பெண்டாட்டி சிவரஞ்சனி உயிரோடு இருக்கிறாள். உனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அதுவும் உயிரோடு இருக்கிறது. இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடி, பிறகு மீதியைப் படி. மீதி என்னைப் பற்றியது.

போன வாரம் பெய்த மழையில் எஸ்டேட் சில்வர் ஓக் மரம் ஒன்று லைன்மேல் விழுந்து நம் நாகலூரில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை, ரஞ்சனியின் போன் செத்துக் கிடந்தது, என் போனை மட்டும் ஏற்காடு டவுனில் கொடுத்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். நீ போன லீவில் வாங்கிக் கொடுத்தாயே, அந்த டச் போன்தான். அவளுக்கு எட்டாம் மாதம், காலிரண்டும் வீங்கியிருந்தது, பிரஷர் அதிகம், தலைவலியோ கண் மங்கலோ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108க்குப் போன் போடுங்கள் என்று நர்சம்மா இரண்டு தடவை சொல்லிப் போயிருந்தார். வியாழக்கிழமை மூன்று மணி இருக்கும், அடுப்படியிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தவள், "மாமா, மண்டை பொளக்குதுங்க, எனக்குக் கண்ணே தெரியலீங்க" என்றாள். உன் அம்மா அவளைப் பாயில் படுக்க வைத்தாள். நான் போனை எடுத்து நம்பரை அழுத்தினேன். நம்பர் திரையில் வந்தது, அதோடு சரி, அப்படியே ஹேங் ஆகிவிட்டது. தொட்டால் அசையவில்லை, தேய்த்தால் அசையவில்லை, பக்கத்துப் பட்டனை அழுத்தி அழுத்தி எடுத்தேன், அந்த மூன்று நம்பரும் அப்படியே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக நான் இருந்த காலத்தில் எத்தனை பட்டன் போனைச் சரி செய்து கொடுத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். பின் மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, ஊதித் துடைத்து மறுபடி மாட்டினால் எந்தப் போனும் பேசும். ரைட்டர் கை பட்டால் போதும் என்று ஆளுக்கு ஆள் சொல்லிச் சொல்லி எனக்கும் அந்த நினைப்பு ஏறிக் கிடந்தது. அதனால் பேட்டரியைக் கழற்ற உட்கார்ந்தேன் வெங்கடேசா. நகத்தை விட்டுப் பார்த்தேன், நெம்பும் இடமே இல்லை. உன் அம்மா, "ஏனுங்க, நான் ரோட்டுக்கு ஓடி யாரையாச்சும் கூட்டியாரட்டுங்களா" என்று கேட்டாள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் காப்பிப் பழம் பறிக்கப் போயிருந்தார்கள், அந்நேரத்துக்கு ரோட்டில் யார் இருக்கப் போகிறார்கள் என்று நினைத்து, "இரு கண்ணாயி, ரெண்டே நிமிசம், பேட்டரியக் கழட்டி மாட்டுனாச் சரியாயிரும்" என்றேன். செடிக்கிளை வெட்டும் கவாத்துக் கத்தியை எடுத்து ஓரத்தில் சொருகி நெம்பினேன், பின்பக்கக் கண்ணாடி சிலந்திவலை மாதிரி விரிந்ததே தவிர மூடி வரவில்லை. அப்போதுதான் ரஞ்சனிக்கு வாய் கோணிக்கொண்டு, பல் கிட்டி, கைகால் வெட்டி இழுத்தது. நான் பார்த்தேன் சாமி. பார்த்துக்கொண்டே கத்தியை இன்னொரு பக்கம் சொருகினேன். அது ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்றே கை போய்க்கொண்டிருந்தது. இருபது நிமிடம் ஆகியிருக்கும். உன் அம்மா என் கையிலிருந்த போனைப் பிடுங்கி வெளியே வீசிவிட்டு, "புள்ள செத்துப்போயிருவாளுங்க" என்று கத்திக்கொண்டே செருப்புக்கூட இல்லாமல் காப்பிச் செடிக்குள் விழுந்து எழுந்து ரோட்டுக்கு ஓடினாள்.

நல்ல வேளை, ஏற்காடு போகிற பஸ் வந்தது. நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். டிரைவர் முனியப்பன் பஸ்ஸை அப்படியே நிறுத்திவிட்டு, இரண்டு ஆட்களோடு நம் வீட்டுக்கு ஓடி வந்தார், ரஞ்சனியைப் பெட்ஷீட்டில் வைத்துத் தூக்கிப்போய்க் கடைசி சீட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். முனியப்பன் ஒரு ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை, பஸ்ஸில் இருந்த ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கண்டக்டர் போன் செய்து சொல்லியிருந்ததால் ஏற்காடு ஆஸ்பத்திரி வாசலிலேயே ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். பஸ்ஸிலேயே இன்னொரு தடவை வலிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா, வலிப்பு எத்தனை தடவை வந்தது, எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டார். நான், "ஒரு தரந்தானுங்க, வந்த உடனே தூக்கியாந்துட்டோமுங்க" என்றேன். பொய் சொன்னேன். அந்த நேரத்தில் பொய் சொன்னேன். உன் அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "இல்லீங்க டாக்டரம்மா, ரெண்டு தரமுங்க, மொத வலிப்பு வந்து முக்கா மணி நேரமாச்சுங்க" என்றாள். ஊசி போட்டு 108இல் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மலை இறங்குகிற அத்தனை வளைவிலும் அவள் காலைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அன்று சாயங்காலமே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோதான் இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், என் உள்ளங்கையும் முழங்கையும் சேர்ந்த அளவுதான். ரஞ்சனி மூன்று நாள் கண் திறக்கவில்லை. மூச்சுக்கு மெஷின் வைத்திருந்தார்கள். நேற்று அவளுடைய பிரசவக் கார்டும் துணிமணியும் எடுக்க வீட்டுக்குப் போனேன், அப்போது அந்தப் போன் காப்பி காயப்போடும் களத்தின் ஓரத்தில், கூரைச் சார்ப்புக்குக் கீழே நனையாமல் கிடந்தது, எடுத்துக்கொண்டு டவுனில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜாபெஸிடம் கொடுத்தேன். உடைந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க ரைட்டரே, கத்தியப் போட்டீங்களா, பேட்டரில பட்டிருந்தாப் பொகஞ்சு கையே வெந்திருக்குமுங்க" என்றான். இந்தப் போனில் பேட்டரியை உள்ளேயே ஒட்டி வைத்துவிடுகிறார்களாம், கழற்றவே வேண்டியதில்லையாம். பக்கத்துப் பட்டனையும் சத்தம் குறைக்கிற பட்டனையும் சேர்த்து, விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து எண்ண வேண்டுமாம், பேட்டரியைக் கழற்றி மாட்டியதற்கு அது சமமாம். நான் ஒவ்வொரு தடவையும் அழுத்தி அழுத்தி விட்டிருக்கிறேன், பிடிக்கவில்லை. அவன் கொஞ்சம் சார்ஜ் ஏற்றிவிட்டு என்னையே பிடிக்கச் சொன்னான். பிடித்து எண்ணினேன். பத்து முடிவதற்குள் போன் அதிர்ந்து வெளிச்சம் வந்துவிட்டது. நான் கடை வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன் வெங்கடேசா, டவுன் முழுக்க டூரிஸ்ட்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள், எனக்கு வெட்கமில்லை. ஜாபெஸ் கடையை விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்ததும் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, அந்த இருபது நிமிடத்தால்தான் இப்படி ஆச்சா என்று கேட்டேன். அவர், அதை அளந்து சொல்ல முடியாது, சீக்கிரம் வந்திருந்தால் நல்லதுதான் என்றார். இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன், சொல்லவில்லை. இன்று விடியற்காலை மெஷினை எடுத்தார்கள், ரஞ்சனி கண் திறந்தாள். ஆனால் பார்வை இன்னும் தெளியவில்லை, வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்கிறாள். இந்த மாதிரி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் சில நாளில் பார்வை திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். பெரும்பாலும் என்கிற அந்த ஒரு வார்த்தை என்னைத் தின்கிறது. என் குரல் கேட்டதும் கையை நீட்டித் தடவி, "மாமா, சாப்ட்டீங்களா" என்றாள். அவளிடம் நான் இன்னும் எதையும் சொல்லவில்லை. உன்னிடம் சொன்ன பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன். நீ என்னை ஏச வேண்டுமென்றால் ஏசு, முகத்தில் விழிக்க மாட்டேன் என்றாலும் சரி, ஆனால் வந்து ஏசு. அவசரப்பட்டுப் பனியில் தனியாக மட்டும் இறங்காதே, ஆபீசர்மார் சொன்னபடி கேள், வழியில் வேளைக்குச் சாப்பிடு.

வியாழக்கிழமையிலிருந்து உன் அம்மா என்னோடு பேசவில்லை. டீ வாங்கி வைப்பாள், போய்விடுவாள். இப்போது இந்தக் கடிதத்தை இதுவரை அவளுக்குப் படித்துக் காட்டினேன், எழுதியது சரிதானா என்று அவள்தான் சொல்ல வேண்டும் என்றேன். "ஒன்னு உட்டுட்டீங்க" என்றாள். என்ன என்றேன். "அந்த இருவது நிமிசமும் நானும் அங்கியேதான நின்னேன். ரைட்டருக்குத் தெரியாததா, எழுத்துத் தெரியாத நாம என்னத்தக் கண்டோம்னு உங்க கையவே பாத்துட்டு நின்னுட்டேன். உங்களக் கேட்டா ஓடோணும்? அதையும் எழுதுங்க, பையன் ஒருத்தர மட்டும் ஏசக்கூடாது" என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன் சாமி.

சேலம் ஸ்டேஷனில் இறங்கினால் மலைக்கு ஏறிவிடாதே, நேரே ஆஸ்பத்திரிக்கு வா, பிரசவ வார்டுக்கு எதிரே இருக்கும் ஷெட்டில் நாங்கள் இருவரும் இருப்போம். லீவுக் கடுதாசியில் சீல் வைத்து வாங்கிக்கொள், மறக்காதே. சேர்வராயனும் காவேரியம்மனும் உன்னையும் உன் பெண்டாட்டி பிள்ளையையும் கண் போலக் காக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
செங்கோடன்
அம்மா கண்ணாயி (அவளே வைத்த கைநாட்டு)