மிஞ்சியிருக்கும் ஆகாயத்தாமரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என் வலது மணிக்கட்டைத் தவிர. அது சுளுக்கிக் கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள் வால்தனம், என் பொறுப்பு இல்லை. (படகில் துடுப்பு, வீட்டில் கடுப்பு. சுளுக்கு கைக்குத்தான் அக்கா, வாய்க்கு இல்லை.) உன் இருமல் நின்றதா என்று அம்மா கேட்கச் சொன்னாள், நேரத்துக்குச் சாப்பிடு.

ஏரியை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையை எடுக்கச் சொல்லிச் சரணாலய அலுவலகத்துக்கு மனு போட்டாயே, அது பலித்துவிட்டது. (பேரில் ஆகாயம், செய்வது அநியாயம்.) போன வாரம் ஆட்களும் இயந்திரமும் வந்து கிழக்குப் பாதியை அள்ளிவிட்டார்கள். காவலாளி ஆயிற்றே, நானே படகில் முன்னால் போய் வழிகாட்டினேன், செடியைப் பிடித்து இழுத்துத்தான் கை சுளுக்கியது. தண்ணீர் தெரிந்ததுமே முக்குளிப்பானும் நீர்க்காகமும் வந்து இறங்கின, உனக்கு அனுப்பலாம் என்று போட்டோகூட எடுத்தேன். அப்புறம் கரையில் குவித்த செடியைப் புரட்டும்போதுதான் நீளவால் இலைக்கோழியின் முட்டைகளைப் பார்த்தேன், ஒன்றும் உடையவில்லை, ஆனால் எல்லாம் சில்லிட்டுக் கிடந்தன. அந்தப் பறவை மிதக்கும் செடி மேலேயே முட்டை வைக்கும், அடைகாப்பது அப்பன் என்று நீதான் எனக்குக் காட்டினாய். களை என்று பார்த்த கண்ணுக்குக் கூடு தெரியவில்லை மகளே. அந்த அப்பன் பறவை இன்னும் வெறும் தண்ணீர் மேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. அந்தப் பக்கம் போகும்போது இடது கையால் துடுப்பைச் சத்தமில்லாமல் போடுகிறேன், இனி என்ன பிரயோசனம். (இதற்கு எனக்கு ஜோக் வரவில்லை.)

போனில் சொல்ல வாய் வராமல்தான் கடிதம். மேற்குப் பாதியில் இன்னும் கூடுகள் இருக்கின்றன, இந்த முறை செடி செடியாகப் பார்த்துவிட்டேன். இயந்திரம் இப்போது பழுதாகி நிற்கிறது, சரியானதும் அங்கேதான் இறங்கும். குஞ்சு பொரிந்து போகும்வரை பொறுங்கள் என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். “எடுக்கச் சொன்னது உங்க பொண்ணுதானே? அவளே வேணாம்னு எழுதட்டும், பார்க்கலாம்” என்றார். எல்லோரும் மெச்சிய மனுவை நீயே மாற்றி எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கும், உன்னை அப்படிக் கேட்க எனக்கும் மனசு வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். உன் மேல் தப்பில்லை, பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டியவன் நான்.

உடம்பும் மனசும் நன்றாக இருந்து நீ நெடுநாள் வாழ வேண்டும். எனக்குப் பதில் மெதுவாகப் போடு, முதலில் அந்த அதிகாரிக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா