வரிகாக்களின் வியாழக்கிழமை

18 அக்டோபர் 2019, வெள்ளி

காலை ஆறேகால், பெரிய காடு, மூன்றாம் தடம். வரிகா லெமூர்கள் பதினொன்று, தாய் வயிற்றைக் கட்டிக்கொண்டு குட்டி இரண்டு. தூங்கிய மரத்தடியில் ஒன்பது புழுக்கை பொறுக்கினேன். ஓடையில் சல்லடை வைத்து அலசினால் மறுபடியும் அதே விதை! கறுப்பு, மூன்று விளிம்பு, சுண்டுவிரல் நகத்தளவு. மஞ்சள் பழ மரத்தின் விதை. அந்த மரம் பெரிய காட்டில் ஒன்றுகூடக் கிடையாது. மணல்வெளிக்கு அந்தப் பக்கம், முனைக்காட்டில் மட்டும்தான் நிற்கிறது.

விதையை எடுத்துக்கொண்டு நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். தலைநகரிலிருந்து வந்து ஏழு மாதமாக இங்கே பொறுப்பில் இருக்கும் டாக்டர் வோலா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரிய காட்டுல எங்கயோ ஒரு மரம் நம்ம கண்ணுல படாம நிக்குது ஐயா. அவ்வளவுதான்."

"என் கண்ணுல படாம மரமா?"

"நீங்க வர்றது தெரிஞ்சு ஒளிஞ்சிருக்கும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. டிசம்பர் இரண்டாம் தேதி நகரத்தில் கூட்டம். லெமூர் இருக்கிற காடுகள் பாதுகாப்புப் பட்டியலில் நிற்கும். இல்லாதவை கரி சுடுகிறவர்களுக்குப் போகும். முனைக்காட்டில் ஒரு வரிகாவைப் பார்த்ததாகப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு வரி எழுதப்படவில்லை. ஆகவே அது வெறுங்காடாம். என் அப்பன் கல்லறையில் படுத்திருக்கும் காடு வெறுங்காடாம்!

பத்தொன்பது வருஷமாக, வரிகாவின் கழுத்துப்பட்டைச் சிக்னலைத் தேடும் ஆண்டெனாவைத் தூக்கிக்கொண்டு நடப்பவன் நான். அவர்களுடைய கட்டுரைகளில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினால், கடைசிப் பக்கத்தில் 'உள்ளூர் உதவியாளர்கள்' என்று இருக்கிறது. பன்மையில். பாதி வருஷம் நான் ஒருவன்தானே இருந்தேன்?

19 அக்டோபர், சனி

மழை. டாக்டருக்கு நேற்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இப்போதுதான் தோன்றுகிறது. ரொம்ப நல்ல பதில்.

23 அக்டோபர், புதன்

உப்புக்காற்று ஆண்டெனாவின் கம்பியைத் தின்றுவிட்டது. கழுத்துப்பட்டை போட்ட பெண் வரிகா என் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது, கருவியோ அது கடலுக்குள் இருப்பதாகச் சொல்கிறது. டாக்டர் கருவியை நம்பி நடந்தார். தாழம்புதரைத் தாண்டினார். சதுப்பில் இடுப்பு வரை இறங்கினார்.

"ஐயா, இதுக்கு ஆழம் எவ்வளவு?"

"நிக்கிற இடத்தைப் பொறுத்தது டாக்டர்."

மேலே பதினொன்றும் வாலை ஆட்டி ஆட்டி உறுமின. கையை நீட்டி இழுக்கப்போய் நானும் விழுந்தேன். சேற்றில் உட்கார்ந்து இருவரும் சிரித்தோம். பிறகு அட்டைகளைப் பிடுங்கினோம். எனக்குப் பதினேழு, அவருக்கு இருபத்திரண்டு. நகரத்து ரத்தம் அவற்றுக்கு ருசி போலும்.

25 அக்டோபர், வெள்ளி

அதே விதை. மூன்று.

27 அக்டோபர், ஞாயிறு

கோயில் முடிந்து வந்ததும் பத்தொன்பது நோட்டுகளையும் தரையில் பரப்பினேன். அந்த விதை கண்ட நாளையெல்லாம் ஒரு தாளில் எழுதினேன். நாற்பத்தாறு தடவை. பக்கத்தில் கிழமையை எழுதினேன்.

வெள்ளி. வெள்ளி. வெள்ளி. வெள்ளி. நாற்பத்தாறும் வெள்ளி!

என் மனைவி ஸெஃபினா கோரைப் பாய் முடைந்துகொண்டிருந்தாள். அவளிடம் தாளைக் காட்டினேன்.

"இதுல என்னங்க அதிசயம்? வியாழக்கிழமை நாம யாரும் காட்டுல கால் வைக்கிறதில்ல, மணல்வெளியில நடக்கிறதில்ல. அதுங்களுக்கு வெளிய போய்வர வேற நாள் ஏது?" என்றாள், கண்ணைப் பாயிலிருந்து எடுக்காமல்.

நான் அப்படியே தரையில் படுத்துவிட்டேன். அறுபத்தாறு வயதில் எழுந்து குதித்தால் முழங்கால் தாங்காது, அதனால் படுத்தபடியே குதித்தேன்.

இதைச் சொன்னது ஸெஃபினா என்று இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். இந்த வீட்டில் யாரும் பன்மைக்குள் காணாமல் போக வேண்டாம்.

28 அக்டோபர், திங்கள்

டாக்டர் கணினியைத் திறந்து வியாழக்கிழமைப் பதிவை வருஷம் வருஷமாகத் தேடினார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா... படிவத்துல ஆறு கட்டம்தான் இருக்கு. ஞாயிறுகூட இருக்கு. வியாழனே இல்லையே! இந்தப் படிவத்தை யார் போட்டது?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"ஐயா?"

நான்தான் போட்டேன். ஆய்வுக்கூடம் தொடங்கிய வருஷம், முதலில் வந்த வெள்ளைக்கார ஐயா, 'உங்கள் வாரத்தை ஒரு தாளில் வரைந்து கொடு' என்றார். கோல் வைத்து ஆறு கட்டம் அழகாகப் போட்டுக் கொடுத்தேன். முன்னோர் நடக்கிற நாளுக்கு எதற்குக் கட்டம்? எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றியிருக்காது. அதைத்தான் அச்சடித்து அச்சடித்து இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். வந்துபோன ஒருவரும் ஒரு நாள் குறைகிறதே என்று கேட்கவில்லை.

"லெமூருக்குக் கிழமை தெரியுமா ஐயா?"

"கிழமை தெரியாது. ஆள் வராத நாள் தெரியும்."

இந்த முறை டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து அறைக்குள் மூன்று சுற்று நடந்தார்.

"கண்ணால பார்த்தாகணும். விதையை மட்டும் கொண்டுபோனா என்னை மாதிரியே அவங்களும் சிரிப்பாங்க."

30 அக்டோபர், புதன்

ஊர்க்கூட்டம். தானாகப் படம் பிடிக்கும் ஒரு கேமராவை டாக்டர் கொண்டுவந்தார். புதன்கிழமை வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை எடுப்பாராம், வியாழன் யாரும் உள்ளே போக வேண்டியதில்லையாம். ஊர்ப் பெரியவர் ரெஹேரா அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"காட்டுல கால் வைக்கக் கூடாது, அதானே விலக்கு? இதுக்கு மூணு கால் இருக்கே அம்மா."

"காலைக் கழட்டிட்டு மரத்துல கட்டிடுறேன் பெரியவரே."

"அப்ப மரத்தை வேலை வாங்குறீங்க."

ஊரே சிரித்தது. அரை நாள் பேசினார்கள். கேமராவின் கண் யாருடைய கண்? வைத்தவருடைய கண். அப்படியானால் வைத்தவர் அன்றைக்கு உள்ளேதான் இருக்கிறார். முடியாது என்று கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

டாக்டர் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "உங்க அப்பா இருக்கிற காட்டுக்காகத்தானே ஐயா கேட்டேன்? நீங்களுமா?"

"அப்பாவோட நாள்ல அவரை வேவு பார்த்துட்டு, அப்புறம் அந்தக் காட்டை வச்சு நான் என்ன பண்ண?"

கோபமாகப் போய்விட்டார். போகட்டும். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. என் பக்கமும் இருக்கிறது. கூட்டத்துக்கு முப்பத்து மூன்று நாள்.

1 நவம்பர், வெள்ளி

விதை நான்கு. சும்மா கேலி செய்கின்றன.

4 நவம்பர், திங்கள்

மச்சான் லெவா சிங்கி இறால் இரண்டைக் கொண்டுவந்து போட்டான். தின்றுகொண்டே புலம்பினேன். அவன் வாயில் சோற்றோடு சொன்னான்:

"வியாழக்கிழமை காட்டுக்குத்தானே விலக்கு அத்தான்? கடலுக்கு இல்லையே. என் வள்ளத்துல இருந்து பார்த்தா மணல்வெளி முழுசும் தெரியும்."

"டேய்! முப்பது வருஷமா வியாழக்கிழமை அங்கதானே கிடக்கிற. ஒண்ணையாவது பார்த்தியா?"

"நான் இறால் பொறியைப் பார்ப்பேனா, கரையைப் பார்ப்பேனா? கரையைப் பார்த்தா வீட்டுக்காரி கை காட்டிக் கூப்பிடுவா."

இறால் ஓட்டைக் கீழே வைத்துவிட்டு, கை கழுவாமல் டாக்டரிடம் ஓடினேன். ரெஹேராவையும் கேட்டோம். "கடல்ல இருக்கிறவன் எதைப் பார்க்கிறான்னு நாம எப்பக் கேட்டிருக்கோம்?" என்றார்.

7 நவம்பர், வியாழன்

விடியற்காலையில் இறங்கினோம். வரிகாக்கள் விடியலில்தான் கடக்கும் என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். அலைக்கு அப்பால் வள்ளத்தை நிறுத்தி ஒன்பது மணி வரை பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. டாக்டர் பார்ப்பதும் வாந்தி எடுப்பதுமாக இருந்தார்.

"அதோ, அங்க ஏதோ அசையுது!" என்று முனைக்காட்டை நோக்கி விரலை நீட்டினார். லெவா துடுப்பையே விட்டுவிட்டான்.

"விரலை மடக்குங்கம்மா! கல்லறை இருக்கிற பக்கம்! விரல் முட்டியால காட்டுங்க!"

மடக்கினார். அசைந்தது ஒரு மாடு.

கரையேறும்போது அலை எங்களைக் கவிழ்த்தது. தொலைநோக்கி தப்பியது. சோற்றுப் பானை போயிற்று.

14 நவம்பர், வியாழன்

மறுபடியும் போனோம். மறுபடியும் ஒன்றுமில்லை. கரையில் பெண்கள் வரிசையாக நின்று, "ஒடிலோன் வரிகாவுக்கு வலை போடப் போறாரு" என்று கைதட்டினார்கள். அவர்களில் ஸெஃபினாவும் இருந்தாள்.

15 நவம்பர், வெள்ளி

விதை ஐந்து! நேற்றுப் போயிருக்கின்றன. நாங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்... எப்படி? எங்கேடா போனீங்க?

டாக்டர் விதைகளை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று மேசையில் தட்டினார்.

"தின்னது இதுங்க வயித்துல சில மணி நேரம்தான் நிக்கும் ஐயா. விடியல்ல போய்த் தின்னிருந்தா விதை அங்கேயே விழுந்திருக்கும். இங்க தூங்குற மரத்தடியில விழுதுன்னா, சாயங்காலம் வரைக்கும் தின்னுட்டு வருதுங்க. உச்சி வேளையிலதான் கிளம்பியிருக்கும்!"

பத்தொன்பது வருஷம் நான் விடியல், விடியல் என்று... சரி. நேரத்தில்தான் தப்பு. கிழமையில் இல்லை.

லெவாவிடம் சொன்னேன். உச்சிவெயிலில், காற்று எழும்புகிற நேரத்தில், வள்ளமா? "அக்கா தாலி... வேண்டாம் அத்தான், நான் எதுவும் சொல்லல" என்றான். அடுத்த வியாழன் கடல் அமைதியாக இருந்தால் வருவானாம். அதற்கு அடுத்த வியாழனுக்குள் டாக்டர் அறிக்கையை அனுப்பியாக வேண்டும். ஆக, இருப்பது ஒரு வியாழன்.

20 நவம்பர், புதன்

காற்று தெற்கிலிருந்து. இப்போது கொஞ்சம் குறைவு. ஐந்து முறை வெளியே போய்ப் பார்த்துவிட்டேன்.

21 நவம்பர், வியாழன்

கரையேறியதும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு, டாக்டர் கையில் கேமராவோடு, இறங்கினோம். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. லெவா மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், இது நிஜமா என்று. பன்னிரண்டு. பன்னிரண்டரை. வெயில் மண்டையைப் பிளந்தது. மணல்வெளியில் ஒரு காக்கைகூட இல்லை. ஒரு மணி.

ஒன்று பத்துக்குப் பெரிய காட்டின் விளிம்பில் ஒரு கிளை ஆடியது. கழுத்துப்பட்டை போட்ட பெண் தரையில் இறங்கினாள். நின்றாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். பிறகு வாலைக் கொடிக்கம்பம் போலத் தூக்கிக்கொண்டு ஓடினாள் பாருங்கள்! பின்னாலேயே ஒன்று, இன்னொன்று, முதுகில் குட்டியோடு ஒன்று...

"நாலு! அஞ்சு! ஆறு!" லெவா கத்துகிறான்.

"கத்தாத லெவா! படம் ஆடுது!" டாக்டர் அதைவிடச் சத்தமாகக் கத்துகிறார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

"உக்காருங்க அத்தான்! கவுந்துடும்! எட்டு! ஒம்பது!"

பத்தாவது, நடுவழியில், பெண்கள் கோரைக்கட்டு சுமந்துபோகும் அந்தப் பாதையிலேயே உட்கார்ந்தது. கையை விரித்து வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு, ஊர் நாட்டாமை மாதிரி! பதினொன்றாவது பின்னாலிருந்து வந்து அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டியது. இரண்டும் ஓடி முனைக்காட்டுக்குள் மறைந்தன.

பெரியவை பதினொன்று, குட்டி இரண்டு. மணி ஒன்று பதினேழு.

டாக்டர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. விரலை மடக்கி முட்டியால் முனைக்காட்டைக் காட்டிக்கொண்டே இருந்தார், நாங்கள் பார்க்காதது போல. லெவா துடுப்பால் தண்ணீரை அடித்து எங்கள் எல்லோரையும் நனைத்தான். நான் அப்பனுக்கு ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு அதே வழியில் திரும்பின. அதையும் பிடித்துவிட்டார். காற்று எழும்பி, கரையேறுவதற்குள் பாதி உயிர் போயிற்று. யாருக்கு அது நினைவிருக்கிறது!

3 டிசம்பர், செவ்வாய்

டாக்டர் லாரியில் வந்து இறங்கினார். முகமெல்லாம் செம்மண். ஸெஃபினாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். இரண்டாவது கோப்பையும் குடித்தார்.

"சொல்லித் தொலைங்களேன்!" என்றேன்.

"முனைக்காடு பட்டியல்ல இருக்கு ஐயா."

ஸெஃபினா அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

"படத்தை ரெண்டு தடவை போடச் சொன்னாங்க. அந்த வயித்தைக் காட்டிட்டு உக்காந்ததைப் பார்த்து ஒருத்தர் நாற்காலியை விட்டே விழுந்துட்டாரு. வியாழக்கிழமையை யாரு கண்டுபிடிச்சதுன்னு கேட்டாங்க. ஒடிலோன் ஐயான்னு சொன்னேன்."

"தப்பாச் சொல்லியிருக்கீங்க. கண்டுபிடிச்சது ஸெஃபினா."

"அவருக்கு வேற வேலை இல்ல டாக்டரம்மா," என்றாள் அவள், அடுப்புக்குள் ஊதிக்கொண்டே. "பேரு எப்படி எழுதணும்னு வேணா நான் சொல்றேன்."

11 டிசம்பர், புதன்

காலையில் முனைக்காட்டு விளிம்பில் ரெஹேரா சாராயம் ஊற்றி முன்னோரிடம் அனுமதி கேட்டார். பிறகு உள்ளே போனோம். டாக்டரிடம் மரங்களுக்கு எண் அடிக்கும் தகடுகளும் ஆணிகளும் இருந்தன. முதல் மரம் ஒரு நாவல், நல்ல கனம், கட்டிப்பிடித்தால் கை எட்டாது.

"புதுக் காடு. ஒண்ணுல இருந்து தொடங்குவோம் ஐயா," என்றார் டாக்டர்.

முடியாது, வரிகாக்களுக்கு இரண்டும் ஒரே காடுதான் என்றேன். பெரிய காட்டில் நான் கடைசியாக ஆணி அடித்த மரம் 2416. கொஞ்ச நேரம் வாதாடினோம். அவர் சொன்ன காரணங்களும் சரியானவைதான். நான் விடவில்லை.

தகட்டில் 2417 என்று பொறித்து, அடித்துவிட்டு வந்தேன்.