படத்தில் விழாத தாலி

தங்கை அம்மாக்கண்ணுவுக்கு, அண்ணன் செல்லப்பன் சொல்ல நர்சம்மா எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் தேவலையா?

நம் ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வைத்த இந்த வருஷம் சென்னையெல்லாம் விஷக்காய்ச்சல். முன்பு ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களைத்தான் வண்டியில் வைத்து எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போவேன். இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் நெஞ்சுப் படம்தான்.

போன வாரம் மூச்சுத் திணறி வந்த ஒருத்தி, "உசுரே போனாலும் தாலிச் சங்கிலியக் கழட்ட மாட்டேன்" என்றாள். தங்கம் படத்தை மறைக்கும் என்று டாக்டர் கெஞ்சியும் கேட்கவில்லை. நான் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கோத்து அவள் புருஷனிடம் கொடுத்தேன்.

"இத்தக் கட்டிக்கினு அத்தக் கழட்டு தாயி. மஞ்சள் படத்துல விழாது."

படத்தில் சளி கட்டியது தெரிந்து, ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டாள். "கெட்டிக்காரன்யா நீ!" என்று டாக்டர் எல்லார் முன்னாலும் தோளில் தட்டினார்.

பஸ்ஸில் யாராவது வந்தால் மஞ்சள் கிழங்கு கொடுத்தனுப்பு, நம் கொல்லை வேர்க்கடலையும். இருமல் வந்தால் உடனே புறப்பட்டு வா. நாம் சிறுசாக இருந்தபோது வந்த காய்ச்சலில் நைனா, அம்மா, தம்பி எல்லாரும் போனார்கள். எனக்கு மிச்சம் நீ ஒருத்திதான், அம்மாக்கண்ணு.