காலி அறையின் மூச்சு

நிஸார்,

ஆமாம், வேண்டுமென்றேதான் எழுந்து வந்தேன்.

சுவரைத் தாண்டிச் செல்லும் அலைகளைக் கொண்டு மூச்சைக் கண்டறியும் கருவி என்னுடையது. அதை உன் பெயரில் துனிஸ் நகர மருத்துவர்களுக்குக் காட்டப்போவதாகச் சொன்னாய்.

“கல்யாணம் ஆகப்போகுது, இதுல உன்னுது என்னுதுன்னு என்ன? நீ பக்கத்து ரூம்ல சும்மா படுத்து மூச்சு விடு, போதும். பேச்ச நான் பாத்துக்கறேன்.”

நீ எடுத்துக்கொண்டது அந்தக் கருவிக்கு நான் எழுதிய பழைய கணினி நிரல். தலையாட்டும் மின்விசிறியையும் அது மூச்சென்றே எண்ணிக்கொள்ளும். நான் அந்தப் பிழையைப் பிறகுதான் கண்டுபிடித்தேன், திருத்தினேன். உன்னிடம் சொல்லவில்லை.

அன்று பக்கத்து அறையில் விசிறியைப் போட்டுவிட்டு, அரங்கிற்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் ‘என்’ மூச்சு அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் லத்தீஃபா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

“இந்தப் பொண்ணு இங்கதான உக்காந்திருக்கா? அப்ப அங்க படுத்திருக்கறது யாருப்பா, ஜின் பூதமா?”

அரங்கில் எழுந்த சிரிப்பு அடங்கும்வரை உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது போதவில்லை.

நீ வெளியேறியதும் திருத்திய நிரலைப் போட்டேன். விசிறி சுழலச் சுழல, பக்கத்து அறையில் லத்தீஃபாவே படுத்தார். திரையில் ஓடிய கோடு அவர் மூச்சை மட்டும் காட்டியது. திரும்பும் வழியில் மோதிரத்தை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
மூச்சு விட மட்டும் அழைக்கப்பட்டவள்